உங்களுக்குத் தெரியுமா? அடம்பிடிக்கும் குழந்தைக்கு எந்த வேஷம்?

திருவனந்தபுரத்தில் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆவணி பிறந்தால் போதும், வேஷம் கட்டும் காலம் வந்துவிடும். கிருஷ்ண ஜயந்தி, ஓணம், காந்தி ஜயந்தி, ஹாலோவீன், கேரளப் பிறவி, குழந்தைகள் தினம், கிறிஸ்துமஸ் என்று வருஷக் கடைசி வரை ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். சட்டைக் காலரில் ஒரு துணிப்பட்டை உறுத்தினாலே கழற்றி எறிகிற குழந்தையை வைத்துக்கொண்டு இத்தனையையும் எப்படிச் சமாளிப்பது? குழந்தை தானே விரும்பிப் போட்டுக்கொண்டு, அழாமல் ஓடி விளையாடுகிற வேஷமே நல்ல வேஷம். அதைத் தேர்ந்தெடுக்கக் கைகொடுக்கும் செய்திகள் இதோ.

அடுத்தடுத்த நாளில் இரண்டு உடுப்பு

ஹாலோவீன் அக்டோபர் 31. மறுநாளே நவம்பர் 1, கேரளப் பிறவி. 1956-இல் அன்றுதான் கேரள மாநிலம் உருவானது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்ததும் அதே நாளில்தான். கேரளப் பள்ளிகளில் அன்று பிள்ளைகள் சரிகைக் கரை போட்ட கசவு உடுத்தி வருவார்கள். முந்தின நாள் அடுக்ககத்தில் கறுப்பு அங்கி, மறுநாள் பள்ளியில் கசவு என்றால் உடை விஷயத்தில் கறாரான குழந்தை திணறிப்போகும். இரண்டில் ஒன்றையாவது மிக எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹாலோவீனுக்கு வழக்கமான கறுப்பு பனியனும் தலையில் இரண்டு பூனைக் காதும் போதும்.

பூசணிக்கு முன்னால் டர்னிப்

அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் கொண்டாடப்பட்ட பழைய கெல்டிக் விழாவோடு ஹாலோவீனுக்கு உறவு உண்டு. அங்கே முதலில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அங்கே தாராளமாகக் கிடைத்த பூசணிக்கு மாறினார்கள். இடத்துக்குத் தகுந்தபடி மாறிய விழாவை நாமும் நம் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். பேய், சூனியக்காரி வேஷம்தான் போட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

ஆடியில் வரும் பிள்ளைத் தெய்வங்கள்

வேஷம் கட்டிய பிள்ளைகள் வீடு வீடாகப் போவது வெளிநாட்டு வழக்கம் மட்டுமல்ல. வட கேரளத்தில் மழை கொட்டும் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், சிறுவர்கள் 'ஆடி', 'வேடன்' என்ற தெய்யங்களாக வீட்டு வாசலுக்கு வருவார்கள். வேடன் சிவன், ஆடி பார்வதி. துணைக்கு ஒரு பெரியவர் செண்டை கொட்டுவார். பஞ்சத்தையும் நோயையும் இவர்கள் விரட்டிவிட்டுப் போவதாக நம்பிக்கை. வீட்டார் அரிசியும் பணமும் கொடுத்து அனுப்புவார்கள். மலையர், வண்ணான் சமூகங்களில் இது வழிவழியாக வருகிறது. பயமுறுத்துவதற்குப் பதில் நல்லது செய்ய வருகிற வேஷம் என்று சொல்லிப் பாருங்கள். பேய் என்றால் நடுங்கும் பிள்ளைகூடச் சம்மதிக்கலாம்.

வாய் திறக்க வேண்டாத வேஷம்

மேடையில் நாலு வரி சொல்லச் சொன்னால் அம்மா சேலைக்குள் புகுந்துகொள்ளும் குழந்தையா? கண்ணூர், கோழிக்கோடு பக்கத்தில் ஓண நாளில் வரும் ஓணப்பொட்டன் ஒரு வார்த்தை பேசமாட்டார். கையில் மணி, தலையில் கிரீடம், ஓலைக்குடை. மணியை ஆட்டியே ஆசி வழங்கிவிட்டு வேகமாக அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேஷம் கிடைப்பது அரிது. ஒரு சின்ன மணியைக் கையில் கொடுங்கள். மற்றதை அந்த ஓசை பார்த்துக்கொள்ளும்.

முகமூடியைக் கண்டால் ஏன் அலறுகிறது?

1969-இல் வெளியான ரீட்டா டிவ்ரீஸ் என்பவரின் ஆய்வு உளவியலில் பெயர்பெற்றது. மேனார்ட் என்ற சாதுவான பூனைக்கு நாய் முகமூடி மாட்டி, 3 முதல் 6 வயதுவரையிலான குழந்தைகளிடம் காட்டினார். மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் பூனை நிஜமாகவே நாயாகிவிட்டது என்று நம்பினார்கள். ஆறு வயதுக்காரர்களுக்குத்தான் அது முகமூடி போட்ட பூனை என்று நன்றாகப் புரிந்தது. கரோல் குழுவோடு வரும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் பிளாஸ்டிக் முகத்தைப் பார்த்து உங்கள் பிள்ளை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டால் அது கோழைத்தனம் இல்லை. அந்த வயதின் இயல்பு. அதன் கண்ணெதிரிலேயே முகமூடியைப் போட்டும் கழற்றியும் காட்டுங்கள்.

முகத்துக்கு வேண்டாம், கைக்குக் கொடுங்கள்

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் முகமூடிக்குப் பதிலாகத் தொப்பியையும் நச்சில்லாத முகப்பூச்சையும்தான் பரிந்துரைக்கிறது. முகமூடி கண்ணை மறைத்தால் பிள்ளை படியில் தடுக்கி விழும். வியர்க்கும் ஊரில் மூச்சும் முட்டும். அட்டையில் புலிமுகம் வரைந்து ஒரு குச்சியில் ஒட்டிக் கையில் கொடுத்துவிட்டால் வேண்டும்போது முகத்துக்கு நேரே பிடிக்கலாம், வேண்டாதபோது இறக்கிவிடலாம். எப்போது புலி, எப்போது பிள்ளை என்பது அதன் கையிலேயே இருக்கும்.

பாளையில் ஒரு கிரீடம்

பத்தனம்திட்டா வட்டாரக் கோயில்களில் ஆடும் படையணியின் வேஷக் கோலங்கள் கமுகம்பாளையில் ஆனவை. கரியும் செங்கல்லும் மஞ்சளும்தான் அவற்றின் பழைய வண்ணங்கள். பாளை கனமில்லாதது, வளையும், மழைத்தூறலில் நைந்துபோகாது. பிளாஸ்டிக் கிரீடத்தின் விளிம்பு நெற்றியில் அழுந்தும். பாளையையோ தடித்த அட்டையையோ வெட்டி உட்பக்கம் பழைய வேட்டித் துணியை ஒட்டினால் அழுந்தாது.

பச்சை முகத்துக்குள் ஆர்செனிக்

கதகளி ஒப்பனைக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மரபான பூச்சில் சேரும் மனயோலை ஆர்செனிக் கலந்த கனிமம். சிவப்புக்கான சாயில்யம் பாதரசம் கலந்தது. பயிற்சி பெற்ற பெரியவர்களுக்கான கலை இது. 1970-இல் தொடங்கிய மார்கி அமைப்பு திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் கதகளியை வளர்த்துவருகிறது; அங்கே பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வீட்டில் குட்டிக் கதகளி வேண்டுமென்றால் பச்சைப் பனியனும் அட்டைக் கிரீடமும் போதும்.

புலிகளியும் மண்ணெண்ணெயும்

திருச்சூரில் நாலாம் ஓணத்தன்று ஸ்வராஜ் ரவுண்டில் இறங்கும் புலிவேஷக்காரர்களின் உடம்பில் இருப்பது நிஜப் பெயின்ட். பூசி முடிக்கப் பல மணி நேரம். ஆட்டம் முடிந்ததும் மண்ணெண்ணெய் தேய்த்துத்தான் கழுவுவார்கள். குழந்தையின் தோலுக்கு இந்த இரண்டுமே ஆகாது. மஞ்சள் பனியனில் கறுப்புத் துணிக்கோடுகளைத் தைத்து, பின்னால் ஒரு வாலும் வைத்துவிட்டால் குட்டிப்புலி தயார்.

உண்ணிக்கண்ணனுக்கு நீலப் பனியன்

கிருஷ்ண ஜயந்தியான அஷ்டமி ரோகிணியன்று கேரளம் எங்கும் சோபா யாத்திரையில் குட்டிக் கண்ணன்கள் நடந்துவருவார்கள். உடம்பெல்லாம் நீலம் பூசினால் வியர்வையில் வழிந்து கண்ணில் இறங்கும், கரிக்கும். நீலப் பருத்திப் பனியன் அந்தத் தொல்லையே தராது. மயிற்பீலியின் அடிக்குச்சியைக் கத்தரித்து நுனியைத் துணியால் சுற்றிவிடுங்கள், பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் குத்தாது. புல்லாங்குழலை எப்படியும் வாயில் வைக்கும் என்பதால் சாயம் பூசாத மூங்கிலாகப் பாருங்கள்.

மை வைக்குமுன்

கண்ணுக்கு இடும் சுர்மா சிலவற்றில் ஈய சல்பைடு இருக்கிறது. ஈயம் சின்னக் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மீசையும் பொட்டும் வரைய எந்தப் பூச்சை எடுத்தாலும், முந்தின நாளே முழங்கைக்குள் ஒரு புள்ளி வைத்து அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பாருங்கள். கண்ணோரத்தில் எதையும் தீட்ட வேண்டாம்.

வள்ளியூரில் தொடங்கிய இழை

கேரளத்தின் அடையாளமான பாலராமபுரம் கைத்தறிக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் காலத்தில், வள்ளியூர்ப் பகுதியிலிருந்து சாலியர் நெசவுக் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. பாலராமபுரம் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் சாலையில் இருக்கிறது. அந்தப் பருத்தி மெல்லியது, காற்றோட்டமானது, வெயில் ஊருக்கென்றே நெய்தது. ஆனால் புதுத்துணியில் கஞ்சி விறைப்பு இருக்கும். இரண்டு முறை நனைத்து அலசிய பிறகே குழந்தைக்குத் தையுங்கள். சரிகைக் கரை கழுத்திலும் கையிலும் உரசாமல் உட்புறம் ஒரு பருத்திப் பட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். "குத்துது" என்று குழந்தை சொன்னால் உண்மையிலேயே குத்துகிறது. சில பிள்ளைகளின் தோல் சின்ன உரசலையும் பெரிதாக உணரும்.

ஒரு ஜுப்பா, மூன்று விழா

வெள்ளைப் பருத்தி ஜுப்பா ஒன்றும் முண்டு ஒன்றும் இருந்தால் பல நாட்கள் ஒப்பேறும். முண்டை அப்படியே உடுத்தி ஓலைக்குடையும் வயிற்றில் சின்னத் தலையணையும் வைத்தால் ஓணத்து மாவேலி. வெறும் ஜுப்பாவும் முண்டும் கேரளப் பிறவிக்கு. மேலே ஒரு அரைக்கோட்டு, வெள்ளைத் தொப்பி, துணி ரோஜா சேர்த்தால் நவம்பர் 14-க்கு நேரு. முண்டு அவிழ்ந்துவிடும் என்ற பயமே வேண்டாம். இடுப்பில் எலாஸ்டிக்கோ வெல்க்ரோவோ வைத்துத் தைத்துவிடலாம். பழகிய துணி திரும்பத் திரும்ப வந்தால் குழந்தையின் எதிர்ப்பும் குறைந்துகொண்டே போகும்.

குழந்தைகளுக்கு ஒரு பிரதமர்

திருவனந்தபுரம் தைக்காட்டில் இருக்கும் கேரள மாநிலக் குழந்தைகள் நலக் கழகம் ஆண்டுதோறும் குழந்தைகள் தினப் பேரணி நடத்துகிறது. பேச்சுப் போட்டியில் தேர்வான ஒரு பிள்ளை 'குழந்தைகளின் பிரதமர்' ஆகப் பேரணியை முன்னின்று நடத்தும். குட்டி நேருக்களின் சட்டையில் ரோஜாவை ஊசிப்பின்னால் குத்த வேண்டாம், நூலால் தைத்துவிடுங்கள். நிஜப் பூவென்றால் முள்ளைக் கிள்ளிவிட்டு வையுங்கள்.

கொடிக்கு ஒரு சட்டம்

பாரத மாதா வேஷத்துக்குத் தேசியக் கொடியைப் பாவாடையாகச் சுற்றக் கூடாது. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 2005-இல் திருத்தப்பட்டது. அதன்படி கொடியை இடுப்புக்குக் கீழே உடையாக அணிய முடியாது. வெள்ளைச் சேலையும் அட்டைக் கிரீடமும் போதும்.

தும்பாவின் பிள்ளைக்கு ராக்கெட்

1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில், இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அங்கிருந்த புனித மரிய மகதலேனா தேவாலயம்தான் தொடக்க கால அலுவலகம். 2024 பிப்ரவரி 27 அன்று இந்தியர்களை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் வீரர்கள் நால்வரின் பெயர்களும் திருவனந்தபுரத்தில்தான் அறிவிக்கப்பட்டன. விண்வெளி வீரர் வேஷத்துக்குக் கண்ணாடி மூடிய தலைக்கவசம் வேண்டாம், உள்ளே வெந்துபோகும். நீல நிற முழுக்கைச் சட்டை, நெஞ்சில் பெயர்ப்பட்டை, முதுகில் இரண்டு காலி அட்டை உருளை. அடிக்கடி பேன்ட் பைக்குள் கைவிட்டுச் சாமான் சேர்க்கும் பிள்ளைக்கு நிறையப் பைகள் வைத்துக் கொடுங்கள், கழற்றவே மாட்டான்.

துண்டு போதும் சூப்பர் ஹீரோவுக்கு

2021-இல் வந்த 'மின்னல் முரளி' படத்தின் நாயகன் ஜெய்சன் ஒரு தையல்காரர். முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டுதான் தன் வீரத்தைத் தொடங்குகிறார். வீட்டிலிருக்கும் மெல்லிய தோர்த்து ஒன்றும் முழங்கால்வரை முண்டும் இருந்தால் நம்மூர் சூப்பர் ஹீரோ தயார். துண்டைக் கழுத்தில் முடிச்சுப் போடாதீர்கள். தோளில் வெல்க்ரோவால் ஒட்டுங்கள், எங்காவது மாட்டி இழுத்தால் உடனே கழன்று வரும்.

வேஷம் பொறுமை தருமா?

2017-இல் ரேச்சல் வைட் உள்ளிட்டோர் 4, 6 வயதுக் குழந்தைகள் 180 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்து, பக்கத்திலேயே விளையாட்டையும் வைத்துப் பார்த்தார்கள். "பேட்மேன் எப்படி உழைக்கிறார்?" என்று தன்னைப் பேட்மேனாக நினைத்துக்கொண்ட குழந்தைகள் மற்றவர்களைவிட அதிக நேரம் வேலையில் ஈடுபட்டார்கள். உங்கள் பிள்ளை ஏற்கெனவே நேசிக்கும் பாத்திரத்தையே தேர்ந்தெடுங்கள். அந்தப் பாத்திரத்தின் துணிவு அதற்குத் துணை நிற்கும்.

குலசையில் இரும்பு இல்லை

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு காளி, ராஜா, போலீஸ், பிச்சைக்காரர் என்று பலவித வேஷம் கட்டுவார்கள். குழந்தைகளும் கட்டுவதுண்டு. கூட்டத்தில் யாருக்கும் காயம்படக் கூடாதென்று இரும்பு ஆயுதங்களைக் கொண்டுவரக் காவல்துறை தடை விதிப்பது வழக்கம். வீட்டு வேஷத்துக்கும் அதே விதிதான்: வேலும் வாளும் சூலமும் அட்டையிலோ தெர்மோகோலிலோ, முனை மழுங்கியே இருக்கட்டும்.

விளக்கும் மெல்லிய துணியும்

2014 ஹாலோவீனின்போது பிரிட்டன் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கிளாடியா விங்கிள்மனின் மகளுடைய வேஷ உடுப்பு மெழுகுவத்தியில் பட்டுத் தீப்பிடித்தது. அதுவரை அங்கே அந்த உடுப்புகள் உடையாக அல்லாமல் விளையாட்டுப் பொருளாகக் கருதியே சோதிக்கப்பட்டன என்பது பெரும் விவாதமானது. நம் வீடுகளில் குத்துவிளக்கும் கார்த்திகை அகலும் குழந்தையின் உயரத்திலேயே இருக்கின்றன. பாலியெஸ்டரும் நைலானும் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் எரியக்கூடியதுதான். ஆகவே தொங்கும் கை, அகன்ற பாவாடை, முதுகில் பறக்கும் துணி இவை இல்லாத உடலோடு ஒட்டிய தையலே நல்லது. வேஷத்தோடு விளக்குப் பக்கம் போகாமல் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

ஐஎஸ்ஐ முத்திரை பார்த்தீர்களா?

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இதற்கான தர நிர்ணயத்தில் தீப்பற்றும் தன்மைக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. விளையாட்டுத் தாடி, மீசை, விக், முகமூடி, வேஷ உடுப்பு எல்லாம் அதில் அடங்கும். திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் பேரம் பேசும்போது விலையோடு அந்த முத்திரையையும் பாருங்கள்.

மினுக்கும் கொம்பு, ஒளிந்த ஆபத்து

விளக்கெரியும் கிரீடத்திலும் மந்திரக்கோலிலும் பொத்தான் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகும். திருகாணி போட்டு மூடிய பேட்டரி அறை இல்லாத பொருளை வாங்க வேண்டாம். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

துலாவர்ஷத்தை மறவாதீர்கள்

அக்டோபர், நவம்பரில் திருவனந்தபுரத்துக்கு இடிமின்னலோடு துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை வரும். பெரும்பாலும் பிற்பகலில், சரியாகப் பள்ளி விடும் வேளையில். கிரேப் காகிதம் நனைந்தால் சாயம் ஒழுகித் தோலையும் சீருடையையும் கெடுக்கும். தரையைத் தொடும் பாவாடை சேற்றில் இழுபடும். கணுக்காலுக்கு மேலே நிற்கும் நீளம், தினமும் போட்டுப் பழகிய செருப்பு, பையில் ஒரு மாற்று உடுப்பு இவை மூன்றும் இருந்தால் மழை வந்தாலும் கவலையில்லை.

கழிப்பறைச் சோதனை

வேஷம் தயாரானதும் முதலில் கேட்க வேண்டியது: குழந்தை அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் எத்தனை நொடியில் அவிழ்க்கலாம்? முதுகில் ஜிப் வைத்த ஒரே உடுப்பைவிட, சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக இருப்பதே மேல். பள்ளியில் டீச்சர் ஒருவர், பிள்ளைகள் பலர்.

ஒத்திகை கண்ணாடி முன் அல்ல

நான்கைந்து நாள் முன்பே உடுப்பை விளையாட்டுச் சாமானோடு போட்டு வையுங்கள். முதல் நாள் தொப்பி மட்டும், அடுத்த நாள் சட்டையும், அப்புறம் முழு உடுப்போடு சாப்பாடும் ஓட்டமும். எங்கே உரசுகிறது, எது கண்ணில் விழுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். "என்ன வேஷம் வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் குழந்தை குழம்பும். "புலியா, ராக்கெட்டா?" என்று இரண்டை மட்டும் நீட்டுங்கள்.

தலைப்பாகையும் ஒரு போராட்டம்

வெங்ஙானூரில் பிறந்த சமூகப் போராளி அய்யன்காளி, 1893-இல் தலைப்பாகையும் மேலாடையுமாக வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். ஒடுக்கப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்ட சாலை அது. திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அவர் சிலை நிற்கிறது. வெள்ளைத் தலைப்பாகை, ஒரு கோட்டு, கையில் அட்டைச் சக்கரம், கூடவே சிறுமணி: உடம்பை உறுத்தாத வேஷம், வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும் கதை. கட்டிவிடும்போதே அந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

"வேண்டாம்" என்பதும் பதில்தான்

1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய விஷயங்களில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. 31-ஆம் பிரிவு விளையாடும் உரிமையைத் தருகிறது. இந்தியா 1992-இல் இதில் இணைந்தது. புறப்படும் நேரத்தில் பிள்ளை எல்லாவற்றையும் கழற்றிவிட்டால், அதற்குப் பிடித்த சாதாரணச் சட்டையைப் போட்டு, ஒரு தொப்பியை மட்டும் பையில் வைத்து அனுப்புங்கள். மற்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் தானே எடுத்து மாட்டிக்கொண்டால் சந்தோஷம். மாட்டாவிட்டாலும் அன்று அது விளையாடத்தான் போகிறது. பரிசும் புகைப்படமும் நமக்கு வேண்டியவை. விளையாட்டு குழந்தைக்கு வேண்டியது. வேஷம் யாருக்காக என்பதில் நமக்குக் குழப்பம் வரக் கூடாது.